முதுகெலும்புக்குக் கீழே, மேஜைக்கு அடியில்

யுத்தம் முடிந்து ராணுவம் தள்ளிவிட்ட சாமான்களோடு எங்கள் ஆஸ்பத்திரிக்கும் மயக்கம் கொடுக்கும் மிஷின் ஒன்று வந்து சேர்ந்தது. நான் ஓய்வு பெறுவதற்குச் சில நாள் முன்னால். சாப்பிட்டு இலையை மடித்த பிறகு நெய் வந்த கதை. சக்கரம் வைத்த வண்டி, பளபளக்கும் குழாய்கள், கண்ணாடிக் குப்பிகள். எல்லாம் சரி. கூடவே மயக்க டாக்டர் உட்கார ஒரு முக்காலி இருந்தது பாருங்கள், அதைப் பார்த்ததும்தான் எனக்கு வயிறு எரிந்தது.

"இதெல்லாம் இல்லாம நீங்க எப்படி சார் சமாளிச்சீங்க?" என்று சின்ன டாக்டர்கள் கேட்டார்கள்.

"படுத்துக்கிட்டு" என்றேன். சிரித்தார்கள். நான் தமாஷ் பண்ணவில்லை. என் உத்தியோகத்தில் பெரும்பகுதியை நின்றுகொண்டு செய்தேன். முக்கியமான பகுதியை ஆபரேஷன் மேஜைக்கு அடியில், ஜமக்காளத்தில் மல்லாந்து படுத்துக்கொண்டு செய்தேன். எழுதித் தாருங்கள் என்றார்கள். எழுதுகிறேன். அழகாக எழுத வராது.

நான் கொள்ளேகால்காரன். கோயமுத்தூர் ஜில்லா, வெள்ளைக்காரன் சீமை. மைசூர் மகாராஜாவுக்கு நாங்கள் பக்கத்து வீடு. சென்னையில் எல்.எம்.பி. டாக்டர் படிப்பு படித்தேன். என்னைப் பாஸ் போட்டு அனுப்பிவிட்டு வாத்தியார்கள் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள். சமஸ்தானத்தில் வேலை கிடைத்தது. சில வருஷம் காட்டோர ஊர்களில் காய்ச்சல்காரர்களுக்குக் கொய்னா கொடுத்துவிட்டு மைசூருக்கு மாற்றலாகி வந்தேன், சர்ஜன் ஆகிவிடலாம் என்ற எண்ணத்தோடு. கை சுத்தமாகத்தான் இருந்தது. வாய்தான் இல்லை. ஒரு நாள் குடலிறக்க ஆபரேஷனில் எதிரே நின்று உதவிக்கொண்டிருந்தபோது, அப்போதைய பெரிய சர்ஜன் தையல் போடும் லட்சணத்தைப் பற்றி என் அபிப்பிராயத்தைச் சொன்னேன். அவர் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன். மறுநாளே என்னைத் தலைமாட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தக் காலத்தில் மயக்கம் கொடுப்பது தனிப் படிப்பு இல்லை. வேறு எதற்கும் ஆகாதவன் கையில் ஈதர் குப்பியையும் முகமூடியையும் கொடுத்து நிறுத்துவார்கள். வாயைத் திறந்தால் ஈதர் உள்ளே போகும் என்பதால் பேசவும் முடியாது. தண்டனை நன்றாகவே யோசித்துக் கொடுக்கப்பட்டது.

இதில் ஊர்ப் பெயர் வேறு. கொள்ளேகால் என்றால் மைசூரில் ஒன்றுதான் ஞாபகத்துக்கு வரும்: மாந்திரீகம். "இவரு எந்த ஊரு?" என்று கேட்கும் நோயாளியிடம் நர்சுகள் வேண்டுமென்றே சொல்வார்கள். ஆள் மேஜையிலேயே எழுந்து உட்கார்ந்துவிடுவான். எனக்குத் தெரிந்த ஒரே மந்திரம் கெட்ட வார்த்தை.

என்னைத் தலைமாட்டுக்கு அனுப்பியவர் ஓய்வு பெற்றுப் போனார். அடுத்து வந்த சர்ஜன் டாக்டர் நரசிம்மாச்சார். மேல்கோட்டைக்கார ஐயங்கார், கப்பலேறிச் சீமைக்குப் போய்ப் படித்தவர், நெற்றியில் மெல்லிய கோடாக ஸ்ரீசூர்ணம், குச்சி மாதிரி உடம்பு. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மரியாதை ஏறும். சாதாரண நாளில் நான் "ஓய் கொள்ளேகாலம்". கொஞ்சம் கோபம் என்றால் "கொள்ளேகாலத்தாரே". நிஜமான கோபம் என்றால் "டாக்டர் அவர்கள் சித்தம் எப்படியோ, அப்படியே ஆகட்டும்" என்பார். கத்துகிறவனைத் திருப்பிக் கத்தலாம். கும்பிடுகிறவனை என்ன செய்வது?

முதுகெலும்பு ஆபரேஷனில் நோயாளி குப்புறப் படுக்க வேண்டும். மல்லாந்து கிடப்பவன் மூக்கில் முகமூடி வைத்து மேலே ஈதர் சொட்டலாம். குப்புறக் கிடப்பவனுக்கு? ஈதர் மேல்நோக்கிச் சொட்டாது. எனவே முதலில் மல்லாக்கப் படுக்கவைத்து மயக்குவோம். பிறகு ஆளைப் புரட்டிப்போட்டு, நெற்றியும் தாடையும் தாங்க, தச்சனிடம் சொல்லிச் செய்த, பஞ்சு சுற்றிய மரவளையத்தில் முகத்தைப் பொருத்துவோம். அதற்கப்புறம் என் இடம் கீழே. ஜமக்காளத்தில் மல்லாந்து படுத்து, ஒரு கையால் அவன் தாடையைத் தூக்கிப் பிடித்தபடி அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். பக்கத்தில் ஈதர் குப்பி. துருத்தியைக் காலால் மிதித்தால் அவன் மூக்கு வழியாகத் தொண்டை வரை செருகிய ரப்பர் குழாயில் ஈதர் ஆவி போகும். அவன் வாயிலிருந்து வடியும் எச்சில் எங்கே விழும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. ஈதர் ஆவி காற்றைவிடக் கனம். சிந்தியது, கசிந்தது, நோயாளி மூச்சில் வெளியே விட்டது எல்லாம் தரைக்கு இறங்கும். தரையில் நான். நீண்ட ஆபரேஷன் முடிவதற்குள் நான் கால்வாசி மயக்கத்தில் இருப்பேன். பின்னால் சொல்லப் போவதற்கு எனக்கிருக்கும் ஒரே சமாதானம் இதுதான்.

முனுசாமி அரண்மனை பேண்டில் டிரம்பெட் வாசிப்பவன். பெங்களூர் தண்டு, அதாவது கன்டோன்மென்ட் பக்கத்துக்காரன், அப்பன் பட்டாளத்து பேண்டில் இருந்தவன். ஆள் வாட்டசாட்டம், கன்னம் ரெண்டும் பூரி மாதிரி. முதல் தடவை வெளி நோயாளி வரிசையில் அவனைப் பார்த்தபோது, பெஞ்சு காலியாக இருந்தும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான்.

"உக்காரேன்யா."

"உக்கார முடிஞ்சா நான் ஏன் சார் இங்க வரப்போறேன்?"

உட்கார்ந்தால் புட்டத்தின் நடுவில் சூட்டுக்கோல் வைத்த மாதிரி வலி. தும்மினால், முக்கினால் தொடை வழியாகக் குதிகால் வரை இறங்கும். எல்லாவற்றையும்விட மோசம், ஊதினால். டிரம்பெட்டில் மேல் சுரத்துக்குப் போனால் இடது கால் மடங்கிவிடும். ஒரு ஒத்திகையில் விழுந்தே விட்டான். தசராவுக்குள் நிமிர்ந்து நடந்து ஊதவில்லை என்றால் வேலை இல்லை, பேண்டுக்காரர்களுக்குக் கொடுத்த வீடும் இல்லை. அவனுக்குத் தெரிந்த வேறு தொழிலும் இல்லை.

முதல் ஆபரேஷனில் மயக்கம் கொடுக்கத் தொடங்கும்போதே நான் கேவலப்பட்டேன். ஈதர் நாற்றத்துக்குப் பயந்து மூச்சைப் பிடித்துக்கொள்ளும் நோயாளியிடம் நாங்கள் சொல்லும் வழக்கம் ஒன்று உண்டு: "நல்லா ஊதுங்க, ஊதி வெளிய தள்ளுங்க." ஊதியவன் அடுத்து ஆழமாக இழுத்தே ஆக வேண்டும். அவ்வளவுதான் சூட்சுமம். ஆயிரம் பேரிடம் சொன்ன பழக்கத்தில் முனுசாமியிடமும் சொன்னேன். ஊதினான். முகமூடி எகிறி சிஸ்டர் கமலம்மாவின் கால்மாட்டில் விழுந்தது. துணியில் ஊறியிருந்த ஈதர் முழுக்க என் கண்ணில். நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி முகமூடியை வைத்தால், அவன் ஊதிக்கொண்டே இருக்கிறான். இழுப்பதாகவே தெரியவில்லை. வாயோரத்தில் மின்னல் மாதிரி ஒரு இழுப்பு, பிறகு நீளமாக ஊதல். ஊதுவது அவன் தொழில். என் சூட்சுமத்தை அவன் சின்ன வயசிலேயே தாண்டிவிட்டவன்.

"கொள்ளேகாலத்தாரே," என்றார் நரசிம்மாச்சார், கழுவிய கைகளைத் தூக்கிப் பிடித்தபடி, "யார் யாருக்கு மயக்கம் குடுக்கறா? சொன்னேள்னா நான் அதுக்குத் தகுந்தாப்பல வெட்டறேன்."

சிஸ்டர் கமலம்மா கன்னடக்காரி, எங்களோடு பழகித் தமிழ் பேசுவாள். "ஏனு டாக்டரே, உங்க ஊரு மந்திரம் இவருகிட்ட பலிக்கலையா?" என்றாள். நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

எப்படியோ மயக்கினோம். முதுகெலும்புகளுக்கு நடுவே விலகிய தட்டு நரம்பை நசுக்குகிறது என்று நினைத்துத்தான் அன்று நரசிம்மாச்சார் திறந்தார். தட்டு சரியாக இருந்தது. இன்னும் கீழே, இடுப்புக்கு அடியில் இருக்கும் முக்கோண எலும்புக்குள் வேறொன்று இருந்தது. தண்டுவடத்திலிருந்து பிரிந்து வரும் ஒவ்வொரு நரம்பு வேருக்கும் மெல்லிய உறை உண்டு. அந்த உறை ஓரிடத்தில் உப்பி, தண்டுவட நீர் நிரம்பி, திராட்சைப்பழம் போல நின்றது. எலும்பே அரித்து, காகிதமாகியிருந்தது. அவர் அதுவரை அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. நானும்தான், ஆனால் மேஜைக்கு அடியில் இருந்து நான் எதைத்தான் பார்த்தேன்? ஊசியால் குத்தினார். பளிங்கு மாதிரி நீர் வந்தது, பை சுருங்கியது, மூடிவிட்டார்.

நாலாம் நாள் முனுசாமி நாற்காலியில் உட்கார்ந்து உப்புமா சாப்பிட்டான். ஆஸ்பத்திரியே வந்து வேடிக்கை பார்த்தது. எனக்கும் பெருமை. "ஈதர் குடுத்தது நான்தான்" என்று சமையல்காரனிடம்கூடச் சொன்னேன்.

மழைக்காலம் தொடங்குவதற்குள் அவன் மறுபடி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

இந்தத் தடவை மனைவி ரத்தினம் கூட வந்திருந்தாள். நரசிம்மாச்சார் மறைக்காமல் சொன்னார். பை திரும்ப நிரம்பிவிட்டது. அதை அறுத்து எடுக்க முடியாது. பட்டுப்புடவையில் ஜரிகை ஓடுகிற மாதிரி நரம்பு இழைகள் அந்தப் பையின் சுவரிலேயே ஓடுகின்றன. அவை கால் நரம்புகள் மட்டும் இல்லை. மூத்திரத்தையும் மலத்தையும் அடக்கும் நரம்புகளும் அங்கேதான்.

ரத்தினம் நேராகக் கேட்டாள். "அப்ப தப்பாப் போனா, ஒண்ணுக்கு ரெண்டுக்கு தன்னால போயிடுமா?"

"போகலாம். வராமயே நின்னும் போகலாம்."

"அப்ப ஏன் சாமி கை வைக்கறீங்க?"

அவர் பதில் சொல்லுமுன் முனுசாமி சொன்னான். "நான்தான் வைக்கச் சொல்றேன் ரத்தினம். நின்னுக்கிட்டே எத்தினி நாளு தூங்கறது? மாடா நானு?"

அவர்கள் போன பிறகு நரசிம்மாச்சார் என்னைப் பார்த்தார். "ஓய் கொள்ளேகாலம், போன தடவை நாம பையைப் பார்த்தோம். வாயைப் பார்க்கலை. நீர் உள்ள வர ஒரு வாய் இருக்கணும், ஊசித்துளை அளவுக்கு. வந்தது திரும்பிப் போகாத வாய். அதை அடைக்காம எத்தனை தடவை இறைச்சாலும் கிணறு ஊறத்தானே செய்யும்?"

"பார்த்து அடைச்சிருங்க. அவ்வளவுதானுங்களே."

"எப்படிப் பார்க்கறது? நீங்க அவனைப் பிணமாட்டம் படுக்கப்போட்டுடறேள். நீர் அசையறதே இல்லை. ஆள் முக்கணும். முக்கினாத்தான் உள்ளே அழுத்தம் ஏறும், நீர் வர வழி தெரியும்."

மேஜையில் ஆள் முக்கக் கூடாது, இருமக் கூடாது, அசையக் கூடாது. உத்தியோகம் முழுக்க நான் வாங்கிய திட்டு அத்தனையும் அதற்குத்தான். இப்போது அவனை முக்கவை என்கிறார். சரி என்றேன். வேறென்ன சொல்ல?

ஆபரேஷன் அன்று முகமூடியை வைக்கும்போது "ஊது" என்று சொல்லவில்லை. "கண்ணை மூடுய்யா" என்று மட்டும் சொன்னேன். மயங்கினான், புரட்டினோம், வளையத்தில் முகத்தைப் பொருத்தினோம். நான் கீழே போனேன். மேலே எலும்பைக் கொறிக்கும் சத்தம் கேட்டது. அது நின்றதும் பை தெரிகிறது என்றார். நீளவாக்கில் திறந்தார். உள்ளே நரம்பு இழைகள். நீர் எல்லாம் வடிந்துவிட்டது, வாய் எங்கே என்று தெரியவில்லை.

"இப்ப லேசாக்குங்கோ."

துருத்தியை நிறுத்தினேன். முனுசாமியின் கண்ணிமை துடித்தது. தொண்டையில் குழாயை ஒரு நூல் அசைத்தேன். இருமினான். மேஜையே குதித்தது.

"நிறுத்துங்கோ!" கத்தி கீழே தட்டில் வைக்கப்பட்ட சத்தம். "அது இருமல் இல்லை, பூகம்பம். நரம்புக்கு மயிரிழை தூரத்துல என் கை இருக்கு. குலுக்கல் வேண்டாம். நிதானமா, ஒரே சீரா ஒரு அழுத்தம் வேணும். ஒரு க்ஷணம் பிடிச்சு நிக்கணும்."

"மயக்கத்துல இருக்கறவன்கிட்ட சீரா முக்குடான்னா முக்குவானுங்களா?" என்று கீழிருந்து கத்தினேன்.

மேலே கமலம்மாவிடம் புதுப் பஞ்சு கேட்டு வாங்கினார். பிறகு, "டாக்டர் அவர்கள் சித்தம் எப்படியோ, அப்படியே ஆகட்டும்."

வெளியே வராந்தாவில் ரத்தினம் நிற்கிறாள். வாய் தெரியாமல் மூடினால் பை மறுபடி நிரம்பும்; மூன்றாம் தடவை திறக்க இவரும் துணியமாட்டார். கண்ணுக்கு மேலே அந்தப் பூரிக் கன்னங்கள் தொங்குகின்றன. ஈதரில் எனக்குத் தலை சுற்றுகிறது. அந்தத் தலையில் அப்போது உதித்த ஒரே யோசனை: இவன் ஊதுகிறவன்.

பாடினேன்.

என் பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் ஊரில் நான் பஜனையில் சேர்ந்தால் மற்றவர்கள் மெல்லக் கலைந்துவிடுவார்கள். ஆனால் தசரா ஊர்வலத்தில் பேண்டு வாசிக்கும் அந்த நடைமெட்டு மைசூரில் எருமைக்குக்கூடத் தெரியும். அதைத்தான் அவன் காதருகே வாயை வைத்து, "தா... தர தாஅ..." என்று இழுத்தேன்.

"அய்யோ சிவனே," என்றாள் கமலம்மா மேலிருந்து, "மந்திரம் சொல்றாரு!"

முனுசாமியின் உதடு அசைந்தது. குவிந்தது. மூக்கு ஒரு தரம் உறிஞ்சியது. கன்னங்கள் மெதுவாகப் புடைத்தன. குலுக்கல் இல்லை, இருமல் இல்லை. இல்லாத டிரம்பெட்டை ஒரே சீராக, நீளமாக ஊதினான். அவன் எச்சில் என் நெற்றியில் பன்னீர் தெளித்தது.

"வரது... வரது..." நரசிம்மாச்சாரின் குரல் முதல் தடவையாக மாறியிருந்தது. "அப்படியே, அப்படியே பிடிங்கோ... தெரியறது. தோ. ஒரு சொட்டு. ஓய், தோ இருக்கு வாய்!"

அப்புறம் அவர் வேலை. பக்கத்திலிருந்தே துளிக் கொழுப்பை வெட்டி எடுத்து அந்தத் துளையில் வைத்து, பட்டு நூலால் கட்டினார். பையின் சுவரை அறுக்காமல், நரம்பிழை ஓடாத இடமாகப் பார்த்து, ரவிக்கைக்கு உள்மடிப்பு தைப்பது போல மடித்துத் தைத்தார். அதுவரை நான் ஈதரை ஏற்றி அவனை ஆழத்தில் வைத்திருந்தேன். முடித்ததும் சொன்னார்: "இன்னொரு தரம் பாடுங்கோ."

மயக்கத்தை லேசாக்கி இன்னொரு தரம் பாடினேன். இன்னொரு தரம் ஊதினான். மேலே எல்லாரும் குனிந்து பார்த்திருக்க வேண்டும்.

"உலர்ந்திருக்கு," என்றார்.

மயக்கம் லேசானால் மனிதனுக்கு முதலில் திரும்புவது காதுதான் என்று பிற்பாடு எனக்கு விளக்கம் சொன்னார்கள். குழாய் தொண்டையில் உறுத்தியதால் தானாகவே ஊதியிருப்பான் என்று சொன்னவர்களும் உண்டு. இருக்கலாம். எனக்குத் தெரியாது. நான் வெளியே தவழ்ந்து வந்து எழுந்து நின்றதும் நேராகச் சுவரில் மோதிக்கொண்டேன்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அன்று முழுக்க முனுசாமிக்கு மூத்திரம் வரவில்லை. குழாய் போட்டு எடுத்தோம். மறுநாளும் வரவில்லை. ரத்தினம் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நரசிம்மாச்சார் ரவுண்டு வந்து, அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார். யாரையும் 'அவர்கள்' போட்டுக் கும்பிடக்கூட அவருக்குத் தோன்றாததை அன்றுதான் பார்த்தேன். அவ்வளவு பயம்.

மூன்றாம் நாள் காலை. கமலம்மா குழாயடியில் பக்கெட்டில் தண்ணீர் விழ விட்டாள், சத்தம் கேட்டால் வரும் என்று. வரவில்லை. வாசலில் நின்ற ஜட்கா வண்டிக்காரன் ஒருவன் எட்டிப் பார்த்து, "குதிரைக்கு நாங்க விசில் அடிப்போம் சாமி" என்றான். அடித்தான். வார்டில் இருந்த மற்ற இரண்டு பேர் அவசரமாக எழுந்து போனார்கள். முனுசாமி போகவில்லை.

"எல்லாரும் வெளிய போங்க," என்றான் கடைசியில், "சந்தையா இது?"

போனோம். தடுப்புத் திரைக்கு இந்தப் பக்கம் ரத்தினம், கமலம்மா, நான். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு தகரச் சட்டியில் ஒரு சொட்டு. இன்னொன்று. பிறகு ஒரே சீராக, நீளமாக, நிற்கவே இல்லை. ரத்தினம் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். கமலம்மா சாமி படத்தைத் தேடினாள். நான் வழக்கம்போல ஒரு கெட்ட வார்த்தை சொன்னேன். அது சந்தோஷத்தில் வந்தது என்று யாரும் நம்பவில்லை.

அவன் டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் நரசிம்மாச்சார் காலில் விழுந்தான். கமலம்மாவுக்குக் கும்பிடு. வார்டு கூட்டுகிறவனுக்கு ஒரு சலாம். நான் பக்கத்தில் நின்றேன். என்னைப் பார்த்தான்.

"சாரை இங்க பாத்திருக்கேன். சாருக்கு என்ன வேலை?"

குப்புறக் கிடந்தவனுக்கு என் வேலை எப்படித் தெரியும்? முகமூடி வைக்கும்போதும் என்னைத் தலைகீழாகத்தானே பார்த்திருப்பான்.

"இவர்தாண்டா உன்னைத் தூங்க வெச்சது," என்றார் நரசிம்மாச்சார். "மேஜைக்கு அடியில இருந்தார்."

முனுசாமி யோசித்தான். "கீழ இருந்து யாரோ பாடினாங்க சார். கனவுன்னு நெனைச்சேன்."

"நான்தான்" என்றேன். நெஞ்சைக் கொஞ்சம் நிமிர்த்தியிருப்பேன்.

"நீங்களா? தப்பு தப்பாப் பாடினீங்க சார். மூணாவது சுரத்துல இறங்கிட்டீங்க. காதுல கேக்க முடியல. அதத் திருத்தத்தான் நான் ஊதினேன்."

நரசிம்மாச்சார் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அந்தத் தசராவுக்கு அவன் நடந்தான். இடது கால் பெருவிரலில் மரமரப்பு போகவில்லை. அதனால் ஒரு இம்மி முன்பின்னாக எட்டு வைத்தான். அதைக் கவனித்தது ஜனத்தில் நான் ஒருவன்தான் இருப்பேன். ஒவ்வொரு தசராவுக்கும் ஊர்வலம் போகும் வழியில் அதே மூலையில் போய் நின்றேன். யானையைப் பார்க்கவில்லை, அம்பாரியைப் பார்க்கவில்லை. அந்தப் பை மறுபடி நிரம்பிவிட்டதா என்று ஒரு மனிதனின் இடது காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மேல் சுரத்துக்குப் போவான், கால் மடங்குகிறதா என்று பார்ப்பேன், மடங்காது, வீட்டுக்குப் போவேன்.

இந்த வருஷம் ஓய்வுபெற்ற ஆளாக, வேட்டியில் போய் நின்றேன். பேண்டு வந்தது. முனுசாமிக்குத் தலை நரைத்திருந்தது, கன்னம் அப்படியே இருந்தது. மெட்டு அந்த இடத்துக்கு வந்ததும் கடைக்கண்ணால் என்னைப் பார்த்தான். மூணாவது சுரத்தை, மற்றவர்கள் விட்ட பிறகும் ஒரு க்ஷணம் விடாமல், எனக்காகவே நீட்டிப் பிடித்து ஊதினான். கால் கம்பம் மாதிரி நின்றது.

வீடு வரை அதை முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். எனக்கு இன்னும் அந்தச் சுரம் வரவில்லை.